ஜேட் கல்லின் விலை நியாயமானதா என்று கணிப்பது எப்படி?

ஜேட் என்ற ஒரே பெயரில் ஜேடைட், நெஃப்ரைட் என்னும் இரு வேறு கனிமங்கள் விற்கப்படுகின்றன. இவை ஒன்றல்ல என்பதை 1863இல் பிரெஞ்சு வேதியியலாளர் அலெக்சி தாமூர் தெளிவுபடுத்தினார். மிக உயர்ந்த விலைகளை எட்டுவது பெரும்பாலும் மியான்மரின் ஜேடைட்தான் என்றாலும், சீனத்தின் ஹோட்டான் பகுதியில் கிடைக்கும் வெண்ணிற நெஃப்ரைட்டுக்கும் பெருமதிப்பு உண்டு. 'இந்திய ஜேட்' எனப்படும் அவெஞ்சுரின் குவார்ட்ஸும், 'புதிய ஜேட்' எனப்படும் செர்பென்டைனும் ஜேட் வகையைச் சேர்ந்தவையே அல்ல.

உலோகமோ வேறு கல்லோ சேராத வளையலாக இருந்தால், ஒரு நுண்தராசும் ஒரு கிண்ணம் நீரும் கொண்டே ஓரளவு சோதித்துவிடலாம். நூலில் கட்டி நீருக்குள் முழுவதுமாகத் தொங்கவிட்டு எடைபோடும்போது, 50 கிராம் ஜேடைட் ஏறத்தாழ 15 கிராம் எடை குறைந்து காட்டும். அதே எடையுள்ள நெஃப்ரைட் 17 கிராமும் குவார்ட்ஸ் 19 கிராமும் குறையும். கத்தியால் கீறிப் பார்ப்பது வீண்வேலை, ஏனெனில் குவார்ட்ஸிலும் கீறல் விழாது.

விலையை உண்மையில் புரட்டிப்போடுவது கல்லுக்குச் செய்யப்பட்ட பதப்படுத்தலாகும். மேற்பரப்பில் மெழுகு பூசியதைத் தவிர வேறெதுவும் செய்யப்படாத ஜேடைட்டை 'ஏ' வகை என்றும், அமிலத்தில் வெளுத்துப் பிசின் ஏற்றியதை 'பி' வகை என்றும், சாயமிட்டதை 'சி' வகை என்றும் வணிகர்கள் அழைக்கின்றனர். பிசின் ஏற்றிய கல் வாங்கும் நாளில் பளிச்சென்று இருந்தாலும், காலப்போக்கில் மங்கவோ மஞ்சளாகவோ கூடும். கண்ணால் மட்டும் இதை உறுதிசெய்ய முடியாது. அகச்சிவப்பு நிறமாலைச் சோதனை தேவை. ஆகவே, பெருந்தொகை கேட்கப்படும் கல்லுக்கு ஆய்வகச் சான்றிதழ் இல்லையென்றால், அதை 'ஏ' வகை விலைக்கு வாங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

வைரத்துக்கு உள்ளதுபோல் காரட் கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்கும் விலைப்பட்டியல் ஜேடுக்கு இல்லை. ஒரே வகையையும் ஏறத்தாழ ஒரே அளவையும் கொண்ட கற்களை மூன்று நான்கு விற்பனையாளர்களிடம் அருகருகே வைத்து, கடை விளக்கின் கீழன்றிப் பகல் வெளிச்சத்தில் ஒப்பிட வேண்டும். ஜேடைட்டில் சீரான ஆழ்பச்சை, ஒளி ஊடுருவும் தன்மை, மணிமணியாகத் தெரியாத நுண்ணிய இழையமைப்பு ஆகியவை சேரச்சேர விலை பன்மடங்கு ஏறும். பதக்கமோ மோதிரமோ பின்புறம் மூடியிருந்தால், கல் மெல்லியதாகவோ உட்குடைந்ததாகவோ இருக்கக்கூடும் என்பதால் பின்புறத்தையும் காட்டச் சொல்லுங்கள். வளையலைக் கைவிளக்கின் ஒளியில் மெல்லச் சுழற்றிப் பார்த்து, கோடு தெரியும் இடத்தை நகத்தால் தடவுங்கள். நகம் தட்டினால் அது பெரும்பாலும் வெடிப்பு, தட்டாவிட்டால் இயற்கையாக ஆறிய தழும்பாக இருக்கலாம். வெடிப்புள்ள வளையலுக்கு முழு விலை கேட்பது எவ்வகையிலும் நியாயமன்று.