ரீயூனியனில் பிறந்த குழந்தைக்குத் தமிழ்ப் பெயர் வைப்பது எப்படி?

ஊரில் 11ஆம் நாளோ 16ஆம் நாளோ தொட்டிலிட்டு நிதானமாகப் பெயர் சூட்டுவோம். இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனில் அதுவரை காத்திருக்க முடியாது. பிரெஞ்சுச் சட்டப்படி, பிறந்த நாளைக் கழித்துவிட்டு 5 நாளுக்குள் குழந்தையை மேரியில், அதாவது ஊர் நகராட்சி அலுவலகத்தில், பதிந்தாக வேண்டும். கெடு தப்பினால் நீதிமன்றத் தீர்ப்பு வாங்கித்தான் பதிய முடியும். அதனால் பிரசவ தேதிக்கு முன்பே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

முதல் படி: பெயர்களைக் குறித்து வையுங்கள்

ஆணுக்கு மூன்று, பெண்ணுக்கு மூன்று போதும். தாத்தா பாட்டியிடமும் கேளுங்கள். 1803ஆம் ஆண்டுச் சட்டம் நாட்காட்டியிலும் பழைய வரலாற்றிலும் இருந்த பெயர்களை மட்டுமே அனுமதித்தது. அதனால் இங்கே பல பெரியவர்களுக்குக் காகிதத்தில் ஒரு கிறிஸ்தவப் பெயர், கோயிலிலும் வீட்டிலும் வேறொரு தமிழ்ப் பெயர். 1993இல்தான் பெற்றோர் விருப்பப்படி பெயர் வைக்கலாம் என்று ஆனது. எந்த ஆவணத்திலும் ஏறாமல் போன அந்த வீட்டுப் பெயர்களில் அருமையானவை இருக்கின்றன. பேரப்பிள்ளைக்கு அதையே வைத்தால் அதைவிடச் சந்தோஷம் எனக்கு வேறில்லை.

இரண்டாம் படி: குடும்பப் பெயரோடு சேர்த்துச் சொல்லிப் பாருங்கள்

இங்கே பல குடும்பப் பெயர்கள் கப்பலில் வந்த முன்னோரின் சொந்தப் பெயர்களே. ராமசாமி வீட்டில் ராமன் என்று வைத்தால் ஒரே பெயர் இரண்டு முறை வரும். தந்தை பெயர், தாய் பெயர், இரண்டும் சேர்த்து என எந்தக் குடும்பப் பெயரையும் கொடுக்கலாம் என்பதால், அதையும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: எழுத்துக்கூட்டல்

இதில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் டீச்சர் வாசிக்கப்போவது நீங்கள் நினைத்த தமிழை அல்ல, காகிதத்தில் இருக்கும் பிரெஞ்சு எழுத்தை. இணையத்தில் கிடைக்கும் பட்டியல்கள் எல்லாம் ஆங்கில வழக்கில் இருக்கும். அப்படியே எடுத்து எழுதாதீர்கள்.

குமார், முகில் போன்ற பெயர்களில் உகரத்துக்கு ‘யூ’ என்ற ரோமன் எழுத்தை மட்டும் போட்டால் பிரெஞ்சில் ஒலி மாறிவிடும். ‘ஓ’, ‘யூ’ இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். இரண்டு உயிரெழுத்துக்கு நடுவே ஒற்றை ‘எஸ்’ வந்தால் அது ‘இஸட்’ ஆகிவிடும். ராமசாமி என்ற குடும்பப் பெயரில் இரண்டு ‘எஸ்’ போடுவது இதனால்தான். ‘ஏ’, ‘ஐ’ சேர்ந்தால் ஏகாரமாக வாசிப்பார்கள். மைதிலி மேதிலி ஆகாமல் இருக்க ‘ஐ’ எழுத்தின் தலையில் இரண்டு புள்ளி வேண்டும். இசை என்ற அழகான பெயருக்கு இந்த இரண்டு சிக்கலும் உண்டு: இரண்டு ‘எஸ்’, இரண்டு புள்ளி.

ஆண் பெயர்களில் வரும் ‘அன்’ இன்னும் கவனிக்க வேண்டியது. மாறன் என்பதை ஆங்கில வழக்கில் எழுதினால், பிரெஞ்சுக்காரர் கடைசி ‘ன்’னை மூக்கில் விழுங்கி, ‘வேடிக்கையான’ என்று பொருள்படும் சொல்லாக வாசிப்பார். வகுப்பில் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? கடைசியில் ஓர் ‘ஈ’ சேர்க்கலாம். அது பெண் பெயர் போலத் தோன்றும் என்று நினைத்தால் ‘என்’னை இரட்டிக்கலாம்; யான் என்ற பிரெஞ்சுப் பெயரையே அப்படித்தான் எழுதுகிறார்கள். ஹரிணி அவர்கள் வாயில் அரிணிதான், ‘ஹ’ வராது. யாழினியின் ‘ழ’வும் வராது, ‘எல்’ போட்டுவிடுவதே நல்லது.

எழுதி முடித்ததும் தமிழ் தெரியாத பக்கத்து வீட்டாரிடம் காகிதத்தைக் கொடுத்து உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் முன்கூட்டியே உச்சரித்துக் காட்டக் கூடாது.

நான்காம் படி: நட்சத்திர எழுத்து பார்ப்பவர்களுக்கு

இந்தியப் பஞ்சாங்கத்தின் நேரத்தில் ஒன்றரை மணி நேரத்தைக் கழியுங்கள். ரோகிணி இரவு 10 மணி வரை என்றிருந்தால் இங்கே அது 8.30க்கே முடிந்துவிடும். 9 மணிக்குப் பிறந்த குழந்தைக்கு மிருகசீரிடம். ஓ, வா, வீ, வூ அல்ல, வே, வோ, கா, கி.

எழுத்துக்காகப் பிடித்த பெயரை விட வேண்டியதில்லை. பிறப்புப் பதிவில் ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் கொடுக்கலாம், அதில் எதை வேண்டுமானாலும் அழைக்கும் பெயராக வைத்துக்கொள்ளலாம். நட்சத்திரப் பெயரை இரண்டாவதாகப் போடுங்கள். ஆனால் தமிழ்ப் பெயரை முதலில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளியிலும் ஆஸ்பத்திரியிலும் பெரும்பாலும் முதல் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

ஐந்தாம் படி: மேரியில்

குழந்தை பிறந்த ஊர் மேரிக்குப் போங்கள், நீங்கள் குடியிருக்கும் ஊருக்கு அல்ல. டாக்டர் அல்லது மருத்துவச்சி கொடுத்த பிறப்புச் சான்று, பெற்றோரின் அடையாள அட்டை, இருந்தால் குடும்பக் கையேடு, எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். பெயரை வாயால் சொல்லாதீர்கள், பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். செந்தில்குமரன் ஒரே பெயர் என்றால் சேர்த்தோ இடையில் சிறுகோடு போட்டோ எழுதுங்கள். நடுவே காற்புள்ளி விழுந்தால் அது இரண்டு பெயராகிவிடும். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒவ்வோர் எழுத்தாக வாசியுங்கள், மைதிலியின் இரண்டு புள்ளி உட்பட.

முன்பே பதிந்த பெயர் பிள்ளைக்குத் தொல்லையாக இருக்கிறதா? 2016இலிருந்து, தகுந்த காரணம் காட்டினால் மேரியிலேயே மாற்றக் கேட்கலாம்.