சிபிஎல்லுக்கு மணி சேர்ப்பது எப்படி: மொத்தத்தைப் பார்க்காதீர்கள், கட்டங்களைப் பாருங்கள்

பிபிஎல் எனும் தனியார் விமானி உரிமம் கைக்கு வந்து, அடுத்த சிபிஎல் எனும் வணிக விமானி உரிமத்துக்கு மணி சேர்க்கத் தொடங்கியதும், எல்லோருடைய கண்ணும் பறப்புப் பதிவேடான லாக்புக்கின் கடைசிக் கட்டத்துக்குப் போகும். மொத்தம் 60, மொத்தம் 85 என்று. அது பறக்கப் பறக்கத் தானாக ஏறிவிடும். ஏறாமல் நிற்பவை பக்கத்துக் கட்டங்கள்தான்: பிஐசி (விமானத்துக்குப் பொறுப்பேற்ற விமானியாகப் பறந்தது), கிராஸ் கன்ட்ரி (வேறோர் இடத்துக்குப் பறந்தது), இரவு, இன்ஸ்ட்ருமென்ட் (கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது). 200 மணி முடிந்தபின் இரவு லேண்டிங் இரண்டு குறைகிறது என்று தெரிந்து, மறுபடி விமானத்துக்கும் வானிலைக்கும் காத்துக்கிடப்பவர்கள் உண்டு. எனவே முதல் வேலை, உரிமம் எடுக்கப்போகும் நாட்டின் விதியை முன்னால் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று எண்கள் எழுதுவது: எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு பாக்கி.

சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ வகுத்த அடிப்படை அளவு இது. மொத்தம் 200 மணி, அதில் 100 மணி பிஐசி. பிஐசியாகக் கிராஸ் கன்ட்ரி 20 மணி; அதற்குள் 300 கடல் மைலுக்குக் குறையாத ஒரே பயணம், வழியில் இரண்டு வெவ்வேறு விமான நிலையங்களில் முழுதாக நிற்கும் லேண்டிங். இன்ஸ்ட்ருமென்ட் 10 மணி, அதில் சிமுலேட்டருக்கு 5 மணி வரைதான் இடம். இரவு 5 மணி, பிஐசியாக 5 டேக் ஆஃப், 5 லேண்டிங். அங்கீகரித்த தொடர் பயிற்சியில் படித்தால் மொத்தம் 150, பிஐசி 70 என்று குறையும். இதன்மேல் ஒவ்வொரு நாடும் தன் பங்குக்குக் கூட்டும். இந்தியாவில் இரவு டேக் ஆஃப், லேண்டிங் தலா 10. 200 மணியும் விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுக்குள் பறந்ததாக இருக்க வேண்டும். பிஐசியில் 15 மணியாவது கடைசி 6 மாதத்துக்குள் வர வேண்டும். இந்தக் கடைசி விதிதான் பலரைக் கடிக்கும். மணி எல்லாம் முடித்துவிட்டுத் தேர்வுக்காக ஓராண்டு உட்கார்ந்திருந்தால், மறுபடி பணம் கட்டிப் பறக்க வேண்டிவரும். அமெரிக்காவில் பகுதி 61 எனும் உரிம விதித்தொகுப்பின் வழியாகப் போனால் மொத்தம் 250 மணி, கிராஸ் கன்ட்ரி பிஐசி 50 மணி.

கிராஸ் கன்ட்ரி: ஏமாற்றும் கட்டம்

எது கிராஸ் கன்ட்ரி என்பதே நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய விதியில் தூரம் கிடையாது. திட்டமிட்ட வழியில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போனால் போதும். அமெரிக்க சிபிஎல்லுக்கு, புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 50 கடல் மைலுக்கு மேல் உள்ள ஓரிடத்தில் இறங்கியிருக்க வேண்டும். 48 மைலில் உள்ள விமான நிலையத்துக்குப் பத்து முறை போய்வந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரு நிமிடம்கூட ஏறாது. வளைந்து சுற்றிப் பறந்த தூரமும் உதவாது, வரைபடத்தில் அளவுகோலை வைத்த தூரம்தான். ஆகவே உங்கள் தளத்தை மையமாக வைத்து வரைபடத்தில் 50 மைல் வட்டம் போடுங்கள். வட்டத்துக்குச் சற்றே வெளியே உள்ள நிலையங்களே உங்களுக்கு லாபம்.

நீண்ட பயணத்திலும் இதே சிக்கல். 110, 95, 105 மைல் என்று முக்கோணமாகப் பறந்தால் 310 மைல்; ஐகாவோ கணக்கில் சரி. அமெரிக்காவில் செல்லாது. அங்கே மொத்தம் 300 மைலும், மூன்று இடங்களில் இறங்குவதும் போதாது. அவற்றில் ஓரிடமாவது புறப்பட்ட இடத்திலிருந்து நேர்கோட்டில் 250 மைல் தள்ளி இருக்க வேண்டும். இரண்டு நாட்டு உரிமமும் வேண்டுமென்றால் கடுமையான விதிக்கே வழியைப் போடுங்கள், ஒரே பயணம் இரண்டுக்கும் உதவும். 'முழுதாக நிற்கும் லேண்டிங்' என்றால், தரையைத் தொட்டு நிற்காமல் மறுபடி எழும் டச் அண்ட் கோ ஆகாது. இறங்கி, எஞ்சினை அணைத்து, அங்கே ஒரு கையெழுத்தோ எரிபொருள் ரசீதோ வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த முக்கோணத்தையே செஸ்னா 172எஸ்ஸில் கணக்குப் பார்ப்போம். பயன்படுத்தக்கூடிய எரிபொருள் 53 கேலன். 110 நாட் (மணிக்கு 110 கடல் மைல்) வேகத்தில் காற்றில்லாமல் சுமார் 2 மணி 50 நிமிடம். சுற்றிவந்து அதே இடத்தில் இறங்கினால் எதிர்காற்றும் பின்காற்றும் சமன் ஆகிவிடும் என்பது தவறு. 100 நாட் விமானம் 20 நாட் காற்றில் 100 மைல் போக 75 நிமிடம், திரும்ப 50 நிமிடம், மொத்தம் 125. காற்றில்லாவிட்டால் 120. எதிர்காற்றில் அதிக நேரம் செலவாவதால் நஷ்டம் எப்போதும் உங்களுக்குத்தான். ஆகவே 3 மணி 5 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்: மணிக்கு 9 கேலன் வீதம் 28 கேலன். தரையில் ஓடும் டாக்சிக்கும் ஏற்றத்துக்கும் முக்கோணத்தின் ஒரு பக்கத்துக்கு 2 வீதம் 6. கையிருப்பு ஒரு மணி நேரத்துக்கு 9. மொத்தம் 43. மீதி 10 கேலன் இருக்கிறதே என்று வழியில் நிரப்பாமல் வரலாம்தான். ஆனால் காட்டி முள்ளை நம்பி அல்ல, தொட்டியில் குச்சி விட்டு அளந்து பார்த்து.

விமானம் எடுப்பது

வாடகை பேசும்போது கேட்க வேண்டியவை: எரிபொருள் சேர்த்தா, சேர்க்காமலா? பில் ஹாப்ஸ் மீட்டரிலா, டாக்கோ மீட்டரிலா? ஹாப்ஸ் கடிகாரம்போல ஓடும். டாக்கோ எஞ்சின் சுழற்சியைச் சார்ந்தது, டாக்சியில் மெதுவாக ஓடும், ஆகவே ஒரே விலை என்றால் டாக்கோ மலிவு. அடுத்த 100 மணி பராமரிப்புக்கு இன்னும் எத்தனை மணி பாக்கி என்றும் கேளுங்கள். 12 மணி பாக்கியுள்ள ஒற்றை விமானத்தை நம்பி ஊர் விட்டு ஊர் போய் அறை எடுத்துத் தங்கினால், மூன்றாம் நாளே ஹேங்கர் வாசலில் உட்கார வேண்டியதுதான். 100 மணிக்கும் மொத்தப் பணத்தை முன்கூட்டிக் கட்டச் சொன்னால் தள்ளுபடி எவ்வளவு இனித்தாலும் வேண்டாம். 10 மணி, 20 மணி என்று பிரித்துக் கட்டுங்கள்.

ஒரு நாளைக்கு 5 மணி, 20 நாளில் 100 மணி என்பது காகிதக் கணக்கு. சிறிய விமானத்தில் வெயிலும் சத்தமும் சேர்ந்து நான்காவது மணிக்கே கவனம் தளர்ந்துவிடும். வானிலை, பராமரிப்பு எல்லாம் சேர்த்து ஐந்து, ஆறு வாரம் என்று திட்டமிடுவது நிதானம். விடியற்காலையில் புறப்படுங்கள். நிர்ணய வெப்பநிலைக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரி செல்சியஸுக்கும் அடர்த்தி உயரம் (காற்றின் அடர்த்திப்படி விமானம் உணரும் உயரம்) சுமார் 120 அடி கூடும். மதிய வெயிலில் அதே ஓடுபாதை குட்டையாகிவிடும்.

தொடர்ந்து பறக்கும் விமானத்தில் அடிக்கடி வரும் தொல்லை, ஸ்பார்க் பிளக்கில் கரி. எரிபொருளும் காற்றும் கலக்கும் விகிதத்தை மாற்றும் மிக்ஸ்சரை முழுதாகத் திறந்தே வைத்து நீண்ட நேரம் ஐடிலில் நின்றால் இது வரும். 172எஸ்ஸில் 1800 ஆர்பிஎம்மில், பிளக்குகளுக்கு மின்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோக்களைச் சோதிக்கும்போது வீழ்ச்சி 150க்கு மேலோ, இரண்டுக்கும் வித்தியாசம் 50க்கு மேலோ போகக் கூடாது. எஞ்சின் அதிர்ந்து ஒரு பக்கம் மட்டும் அதிகம் விழுந்தால், ஆர்பிஎம்மைக் கூட்டி, மிக்ஸ்சரைக் குறைத்துச் சற்று நேரம் எரியவிட்டு மறுபடி பாருங்கள். மாறவில்லை என்றால் திருப்பிக்கொண்டு போய் நிறுத்துங்கள். டாக்சியின்போதே மிக்ஸ்சரைக் குறைத்து வைக்கும் பழக்கம் இந்தத் தொல்லையைப் பெரும்பாலும் தவிர்க்கும்.

சேஃப்டி பைலட் மணி

அமெரிக்காவில் ஒருவர் வெளிப்பார்வையை மறைக்கும் ஹூட் போட்டுக் கருவிகளைப் பார்த்துப் பறக்க, தகுதியுள்ள மற்றவர் சேஃப்டி பைலட்டாக வெளியே பார்த்துக்கொண்டு பிஐசி பொறுப்பையும் ஏற்றால், ஹூட் போட்டிருக்கும் நேரத்துக்கு இருவரும் பிஐசி எழுதலாம். பாதிச் செலவில் முழு மணி. சேஃப்டி பைலட் அதைக் கிராஸ் கன்ட்ரியாக எழுத முடியாது. ஹூட் போட்டவர் தன் லாக்புக்கில் சேஃப்டி பைலட் பெயரை எழுத வேண்டும். ஐரோப்பிய விதி இந்த இரட்டைக் கணக்கை ஏற்பதில்லை. உரிமத்தை வேறு நாட்டுக்கு மாற்றும் எண்ணம் இருந்தால், இந்த மணிகளை நீக்கினாலும் 100 பிஐசி நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

லாக்புக்

பறப்பு நேரம், பறப்பதற்காக விமானம் முதலில் அசைந்த நொடியில் தொடங்கி இறுதியாக நின்றதும் முடியும். எஞ்சின் சூடேற நின்ற நேரம் பில்லில் வரும், லாக்புக்கில் வரக் கூடாது. தசமத்தில் எழுதினால் 6 நிமிடம் 0.1, ஒரு மணி 20 நிமிடம் என்பது 1.3, 1.20 அல்ல. தவறினால் ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் கையெழுத்து. வெள்ளை மை கூடாது. விமானத்தின் சொந்தப் பதிவேடான டெக் லாக்கும் கோபுரத்தின் நேரமும் உங்கள் பதிவோடு ஒத்துப்போகிறதா என்று அன்றே சரிபாருங்கள். பின்னாளில் சரிபார்ப்பவர்கள் அவற்றை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

கட்டங்கள் நிரம்பியபின் மீதி மணியை ஒரே இடத்தில் சுற்றித் தீர்க்காதீர்கள். ஒவ்வொரு பறப்புக்கும் ஒரு வேலை வையுங்கள்: குறுக்குக் காற்று, குட்டை ஓடுபாதை, நடுவழியில் வேறு நிலையத்துக்குத் திருப்புவது. 2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே விழுந்த கோல்கன் 3407 விபத்தை அடுத்துத்தான் அமெரிக்காவில் ஏர்லைன் துணை விமானிக்கும் பொதுவாக 1500 மணி என்ற விதி 2013இல் வந்தது. அந்த விமானத்தின் இரு விமானிகளுக்கும் ஏற்கெனவே அதற்கு மேல் மணி இருந்தது. ஆனால் இறக்கை தூக்குவிசையை இழக்கும் ஸ்டாலுக்கான எச்சரிக்கை வந்ததும், கேப்டன் மூக்கைத் தாழ்த்துவதற்குப் பதில் கன்ட்ரோலைப் பின்னால் இழுத்தார்.

சிபிஎல் வரும்வரை கூலிக்குப் பறக்க முடியாது. அமெரிக்க விதிப்படி இலவசமாகக் கிடைக்கும் பறப்பு மணியும் கூலிதான். உரிமம் வந்தபின் பலரும் போகும் வழி பயிற்றுநர் வேலை. நில அளவைப் படம் எடுப்பது, பாராசூட் குதிப்பவர்களை ஏற்றிச்செல்வது போன்றவையும் உண்டு. பயிற்றுநருக்கு மொத்தம் வேகமாக ஏறும், பெரும்பாலும் நிலையத்தையே சுற்றிவரும் சர்க்யூட்டில். அமெரிக்காவின் ஏர்லைன் விமானி உரிமமான ஏடிபிக்கோ 500 மணி கிராஸ் கன்ட்ரி, 100 மணி இரவு, 75 மணி இன்ஸ்ட்ருமென்ட் வேண்டும். அங்கே 50 மைல் தள்ளிப் போனால் போதும், இறங்க வேண்டியதில்லை. ஆகவே சிபிஎல்லுக்குச் சேராத சில பறப்புகளும் ஏடிபிக்குச் சேரும். அதற்கென்று லாக்புக்கில் தனிக் கட்டம் ஒன்றை இப்போதே கோடு போட்டுத் தொடங்கிவிடுங்கள். ஆயிரம் மணி கழித்துப் பழைய பக்கங்களைப் புரட்டித் தூரம் அளப்பது பெரும் பாடு.