சாய்வைச் சொல்லும் நியூரான்கள்: புரிதல் தவறும் இடங்கள்

உடல் சாய்ந்தவுடன் மூளையில் ஒரு 'சாய்வு செல்' விழித்துக்கொள்வதாக எழுதுகிறவர்கள் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள். உட்செவியிலிருந்து மூளைத்தண்டுக்குச் செல்லும் நரம்பிழைகள், விலங்கு நேராக நிற்கும்போதும் சும்மா இருப்பதில்லை. 1976இல் பெர்னாண்டஸ், கோல்ட்பர்க் என்னும் ஆய்வாளர்கள் அணில் குரங்குகளில் பதிவுசெய்தபோது, புவியீர்ப்பை உணரும் இழைகள் அசைவற்ற நிலையிலேயே நொடிக்குச் சராசரியாகச் சுமார் 60 மின்துடிப்புகளை அனுப்பிக்கொண்டிருந்தன. ஒரு பக்கம் சாய்த்தால் எண்ணிக்கை ஏறும், எதிர்ப்பக்கம் சாய்த்தால் இறங்கும். இறங்குவதும் செய்திதான். ஒவ்வோர் இழைக்கும் அதற்கென ஒரு திசை உண்டு; இடவலமாக மட்டும் சாய்த்துப் பார்த்துவிட்டு, முன்பின் சாய்வுக்குரிய நியூரானைச் செயலற்றதென்று தள்ளிவிடக் கூடாது.

உட்செவியின் அரைவட்டக் குழல்கள் சாய்வை அளக்கின்றன என்பது அரைகுறைப் படிப்பு. தலை சுழலும்போதுதான் அவை பேசும். சாய்த்தபடியே நிறுத்தினால் சற்று நேரத்தில் அடங்கிவிடும். நிலைத்த சாய்வைச் சொல்பவை உட்செவியிலேயே உள்ள யூட்ரிக்கிள், சாக்யூல் என்னும் இரு பைகள். அவற்றில் கால்சியம் கார்பனேட் படிகங்கள் சரியும்போது மயிரிழைச் செல்களின் நுண்மயிர்கள் வளைகின்றன. இறாலில் இந்த வேலையை மணல் துகள்கள் செய்கின்றன. 1893இல் உடலியலாளர் அலோய்ஸ் கிரைடல், அப்போதுதான் தாமாகத் தோலுரித்துக்கொண்ட இறால்கள் மணலுக்குப் பதிலாக இரும்புத்தூளை எடுத்துக்கொள்ளும்படி செய்தார்; காந்தத்தை மேலே பிடித்ததும் அவை மேல்கீழாகத் திரும்ப முயன்றன!

ஆனால் பெரிய பிழை வேறு. இந்தப் படிகங்களுக்குச் சாய்வும் தெரியாது, நகர்வும் தெரியாது. விசை மட்டுமே தெரியும். தலையை 30 பாகை சாய்த்தால் யூட்ரிக்கிளின் தளத்தில் படுவது புவியீர்ப்பின் பாதி. நேராக நிற்கும் விலங்கைக் கிடைமட்டமாக நொடிக்கு நொடி 4.9 மீட்டர் வேகம் கூடும்படி நகர்த்தினாலும் அங்கே அதே அளவுதான் படும். ஆகவே ஓர் இழையின் பதிவைக் காட்டி 'இது சாய்வு' என்று முடிவு கட்ட முடியாது. குழல்களின் செய்தியையும் சேர்த்துச் சாய்வையும் நகர்வையும் பிரித்தறியும் நியூரான்கள் குரங்குகளின் மூளைத்தண்டிலும் சிறுமூளையிலும் இருப்பதை 2004இல் நரம்பியல் ஆய்வாளர் டோரா ஏஞ்சலாக்கியின் குழு காட்டியது.

தலைச் சாய்வை உடல் சாய்வாகக் கொள்வதும் அடிக்கடி நடக்கிறது. உட்செவி தலைக்குள் இருக்கிறது. கழுத்து மட்டும் வளைந்ததா, முழு உடலும் சாய்ந்ததா என்பதைக் கழுத்துத் தசைகளிடமும் கேட்டாக வேண்டும். இரு பக்க உட்செவியும் நீக்கப்பட்ட பூனைகளில்கூட, மூளைத்தண்டின் வெஸ்டிபுலர் (சமநிலைக்குரிய) நியூரான்கள் சில உடல் சாய்வுக்கு ஏற்பத் துடிப்பை மாற்றியிருக்கின்றன. காதை மட்டும் கணக்கில் எடுப்பவர்களுக்கு அந்தத் துடிப்பு எங்கிருந்து வந்தது என்றே புரியாது.