அவர்கள் பார்க்காத காகிதம்: கலிபோர்னியா டிரான்ஸ்பர் மறுப்புக்கு அப்பீல் எழுதுவது எப்படி

கலிபோர்னியாவில் ஒரு காலேஜிலிருந்து பல்கலைக்கழகம் மாறக் கேட்டு மறுப்பு வந்ததா? அன்றைக்கே அப்பீல் எழுத உட்கார வேண்டாம். ஒரு கேள்விக்கு முதலில் பதில் தேடுங்கள். விண்ணப்பத்தைப் படித்தவர்கள் பார்க்காத காகிதம் ஏதாவது உங்கள் கையில் இருக்கிறதா? இருந்தால் எழுதலாம். இல்லையென்றால், இடம் கொடுத்த வேறு பல்கலைக்கழகத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வதுதான் புத்தி.

நான் ஈரோடு கலெக்டர் ஆபீஸ் பக்கம் மனு எழுதுகிறவன். திங்கட்கிழமை குறைதீர் நாளில் கை ஓயாது. பட்டா மாறுதல், முதியோர் பென்சன், வாய்க்கால் தகராறு என்று எல்லாம் வரும். என் அக்கா மகள் சான் ஓசே பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடம் வேதியியல் படித்துவிட்டு, மூன்றாம் வருடத்துக்குப் பெரிய பல்கலைக்கழகம் மாற விண்ணப்பித்தாள். ஆசைப்பட்ட இடத்தில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். "மாமா, எல்லாம் போச்சுங்க" என்று போனில் அழுதாள். "அழுவாத கண்ணு, அந்த லெட்டரை முழுசா எனக்கு அனுப்பு" என்றேன். அதற்கப்புறம் அவளோடு படித்த நம்ம பக்கத்துப் பிள்ளைகள் சிலரும் என்னிடம் கேட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அங்கே இந்த வழி புதிதல்ல. 1960-இல் கலிபோர்னியா போட்ட உயர்கல்வித் திட்டத்திலேயே கம்யூனிட்டி காலேஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறும் பாதை உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தை எல்லோரும் யூ.சி. என்பார்கள். அதற்கு மாற 60 செமஸ்டர் யூனிட் அல்லது 90 குவார்ட்டர் யூனிட் முடித்திருக்க வேண்டும். யூனிட் என்பது படித்த பாடங்களின் அளவுக் கணக்கு. அந்த மாநிலத்தவருக்குக் குறைந்தபட்ச ஜி.பி.ஏ., அதாவது 4-க்குக் கணக்கிடும் மதிப்பெண் சராசரி, 2.4. நம்ம பிள்ளைகள் மாதிரி வெளியாட்களுக்கு 2.8. இது வாசற்படி மட்டும்தான், உள்ளே நாற்காலி உறுதி என்று அர்த்தமில்லை. எந்த காலேஜின் எந்தப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடு என்பதை 'அசிஸ்ட்' என்ற இணையதளத்தில் பார்க்கலாம். அப்பீல் எழுதும் முன் அந்தப் பட்டியலை மார்க் ஷீட்டோடு வரிவரியாக ஒத்துப் பாருங்கள். ஒரு கட்டாயப் பாடம் விடுபட்டிருந்தால், மறுப்புக்குப் பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும். அந்தப் பாடத்தை உண்மையிலேயே படிக்கவில்லை என்றால் அப்பீலால் அதை ஈடுகட்ட முடியாது.

அப்பீலை யார் படிப்பார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம்ம ஊரில் தாசில்தார் பட்டா மாறுதலை மறுத்தால் ஆர்.டி.ஓ.விடம் போகலாம், அதற்கு மேல் டி.ஆர்.ஓ. இருக்கிறார். ஒவ்வொரு படியிலும் வேறு ஆள் உட்கார்ந்திருப்பார். அங்கே முடிவெடுத்த சேர்க்கை அலுவலகமேதான் அப்பீலையும் பார்க்கிறது. ஒரு தடவைதான் பார்க்கும், அதில் சொல்வதே கடைசி. "நீங்கள் தப்பு செய்துவிட்டீர்கள்" என்று அவர்களிடமே வாதாடி ஒரு பிரயோசனமும் இல்லை. "இது உங்கள் மேஜைக்கு அப்போது வந்து சேரவில்லை, இப்போது வந்திருக்கிறது" என்று சொன்னால் திரும்பப் படிக்க அவர்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

அப்படிப்பட்ட காகிதம் எது? காலேஜ் தப்பாக ஏற்றிய மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தது, விண்ணப்பத்தில் விட்டுப்போன ஒரு பாடம், படிப்பைப் பாதித்த நோய்க்கான ஆஸ்பத்திரிச் சான்று, இதெல்லாம் சேரும். கடைசி டெர்மில் நல்ல மார்க் வாங்கியது தனியாக நிற்காது. எல்லோரிடமும் அதை எதிர்பார்க்கிறார்கள். வீட்டில் பண நெருக்கடி, ஒரே வளாகத்தில் சேர வேண்டும் என்ற ஆசை, பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்னைவிடக் குறைந்த ஜி.பி.ஏ.வில் கிடைத்தது என்ற ஆதங்கம், எதுவும் எடுபடாது. கடைசியாகச் சொன்னது வலிக்கும், எனக்குப் புரிகிறது. ஆனால் எழுதாதீர்கள்.

எங்கள் பிள்ளையிடம் காகிதம் இருந்தது. இலையுதிர் டெர்மின் கடைசிப் பரீட்சை நேரத்தில் அவளுக்குக் குடல்வால் ஆபரேஷன். கரிம வேதியியலுக்கு மதிப்பெண் வராமல் 'முடிக்கவில்லை' என்று நின்றுபோனது. ஜனவரியில் விண்ணப்பத்தில் மதிப்பெண் புதுப்பிக்கும்போதும் அதே நிலைதான். வசந்த டெர்மில் பரீட்சை எழுதி முடித்து, காலேஜ் ஏப்ரலில் அதை 'ஏ' ஆக மாற்றியது. வேதியியலுக்கு விண்ணப்பித்த பிள்ளைக்குக் கரிம வேதியியலே பாதியில் நிற்பதாகத்தான் அவர்கள் படித்திருப்பார்கள்.

ஆனால் அவள் எழுதி அனுப்பிய முதல் நகலில் இது மூன்றாவது பத்தியில் ஒளிந்து கிடந்தது. தொடக்கம் இப்படி: "இந்தப் பல்கலைக்கழகத்தில் படிப்பது என் சிறு வயதுக் கனவு. உங்கள் முடிவு என்னை மிகவும் உடைத்துவிட்டது." அந்த இரண்டு வரியையும் அடித்தேன். என் மேஜைக்கு வருகிறவர்களும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள், நான் சர்வே நம்பரைத்தான் முதலில் கேட்பேன். அவள் மாற்றி எழுதியது இது:

"என் விண்ணப்பத்தில் கரிம வேதியியல் 'முடிக்கவில்லை' என்று இருந்தது. டிசம்பரில் நடந்த அவசர அறுவை சிகிச்சையால் இறுதித் தேர்வு எழுத முடியவில்லை. தேர்வை முடித்த பின் ஏப்ரலில் காலேஜ் இதை 'ஏ' என மாற்றியுள்ளது. நீங்கள் முடிவெடுத்தபோது இந்த மதிப்பெண் உங்களிடம் இல்லை. திருத்திய மதிப்பெண் பட்டியலும் மருத்துவமனைக் கடிதமும் இணைத்துள்ளேன்."

அதற்குக் கீழே, மற்ற கட்டாயப் பாடங்கள் முடிந்துவிட்டன என்று ஒரு வரி, மறுபரிசீலனை செய்யக் கேட்டு ஒரு வரி. கேட்பது ஒன்றே ஒன்றாக இருக்கட்டும். இந்தத் துறை இல்லாவிட்டால் அந்தத் துறை, இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் என்று அடுக்கினால் படிப்பவருக்கு எதற்குப் பதில் சொல்வதென்றே தெரியாது. எழுத்து எண்ணிக்கைக்கு அவர்கள் வரம்பு வைத்திருந்தால் அதற்குள் நிறுத்துங்கள். மதிப்பெண் பட்டியல் காலேஜ் தந்த அதிகாரப்பூர்வ நகலாக இருக்கட்டும், திரையைப் படம் பிடித்து அனுப்பாதீர்கள்.

அக்கா வீட்டுக்காரர் கரூரில் ஜவுளி ஏற்றுமதி செய்கிறவர். பெரிய ஆட்களைத் தெரியும். "ஒரு லெட்டர் வாங்கிக் குடுக்கட்டுங்களா?" என்று ஆசையாகக் கேட்டார். நம்ம ஊர்ப் பழக்கம் அது. அங்கே வேண்டாம். அப்பீலை மாணவரேதான் போட வேண்டும், அவர் பெயரில், அவர் வார்த்தையில். யூ.சி.யில் சாதாரண விண்ணப்பத்துக்கே பரிந்துரைக் கடிதம் பொதுவாகக் கேட்பதில்லை. அப்பா போன் போட்டுக் கேட்டாலும் பதில் வராது. பிள்ளையின் காலேஜ் ஆவணங்களையும் பிள்ளை எழுத்துமூலம் சம்மதிக்காமல் பொதுவாக வெளியே தரமாட்டார்கள், 1974-லிருந்து அதற்குச் சட்டம் இருக்கிறது. நாம் செய்யக்கூடியது நகலைப் படித்துப் பார்ப்பதும், பிள்ளையைச் சாப்பிட வைப்பதும்தான்.

கடைசித் தேதி வளாகத்துக்கு வளாகம் மாறும். மறுப்பு வந்த அதே இணையப் பக்கத்தில் (போர்ட்டல்) பாருங்கள், அப்பீல் போடும் இடமும் பெரும்பாலும் அங்கேயேதான் இருக்கும். மே மாதத்தில் கலிபோர்னியா நமக்குப் பன்னிரண்டரை மணி நேரம் பின்னால். அவர்கள் இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் பகல் 12.29. ஊரிலிருந்து நகல் திருத்திக் கொடுக்கிறவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்பீல் போட்டுவிட்டோம் என்று மற்ற இடத்தை விட்டுவிடாதீர்கள். டிரான்ஸ்பர் மாணவர்கள் யூ.சி.யில் கிடைத்த இடத்தை ஏற்றுக்கொள்ள ஜூன் 1 கடைசி. அப்பீல் பதில் அதற்குள் வராமல் போகலாம். முன்பணம் போனாலும் பரவாயில்லை, ஒரு இடத்தை ஏற்று வையுங்கள். காத்திருப்புப் பட்டியலில் பெயர் இருக்கிறவர்களுக்கு அப்பீல் வேறு, அந்தப் பட்டியல் வேறு. அதில் சேரச் சம்மதம் தனியாகக் கொடுக்க வேண்டும்.

அக்கா மகளுக்குக் கிடைத்தது. என்னிடம் கேட்ட திருப்பூர்ப் பையனுக்குக் கிடைக்கவில்லை. அவன் கடிதம் இவளுடையதைவிட நன்றாகவே இருந்தது, ஆனால் அதில் புதுக் காகிதம் இல்லை. பெரும்பாலான அப்பீல்கள் மறுக்கப்படுகின்றன என்பதைப் பிள்ளையிடம் போடும் முன்பே சொல்லிவிடுங்கள். திருப்பூர்ப் பையன் ஏற்று வைத்திருந்த கால் ஸ்டேட் (கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகம், யூ.சி. வேறு இது வேறு) வளாகத்தில் சேர்ந்துவிட்டான்.

இன்னும் கம்யூனிட்டி காலேஜில் முதல் வருடத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு யூ.சி. வளாகங்களும் நிபந்தனையை நிறைவேற்றினால் இடம் உறுதி என்று ஒப்பந்தம் தருகின்றன. 'டேக்' என்பார்கள். ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், செப்டம்பர் 1 முதல் 30 வரை. பெர்க்லி, லாஸ் ஏஞ்சல்ஸ், சான் டியாகோவுக்கு அது கிடையாது. துறைவாரியாக விதி மாறும் என்பதால் காலேஜ் கவுன்சிலரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கிற பிள்ளைகள் அப்பீல் பதிலுக்காகக் காத்திருக்கும்போதே காலேஜின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். படிப்பு முடிந்த தேதியிலிருந்து 60 நாள்தான் அவகாசம். அதற்குள் செவிஸ் பதிவை, அதாவது வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி அமெரிக்க அரசு வைத்திருக்கும் கணினிப் பதிவை, புதுப் பல்கலைக்கழகத்துக்கு மாற்றச் சொல்ல வேண்டும், அங்கே வகுப்பு ஐந்து மாதத்துக்குள் தொடங்க வேண்டும். மாற்றத்துக்குக் குறித்த தேதி வருவதற்குள் அப்பீல் சாதகமாக வந்தால், அந்த அலுவலரிடம் சொல்லி எந்தப் பல்கலைக்கழகத்துக்கு என்பதை மாற்றிக்கொள்ளலாம்.