தாவர உணவுக்கு மாறியபின் சோர்வாக இருக்கிறதா? முதலில் தட்டைப் பாருங்கள்

தாவர உணவுக்கு மாறிய மூன்றாவது வாரம். இரண்டாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தவன் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வாங்கவில்லை, கால் வலிக்கவில்லை. 'ஏறித்தான் ஆகணுமா?' என்று இருந்தது, அவ்வளவுதான். ஓடுவதற்கென்று ஆசையாக வாங்கிய ஷூ வாசலோரம் பத்து நாளாகக் கிடந்தது. எனக்கு மனஉறுதி போதவில்லை என்று முடிவுகட்டி, தினமும் தன்னம்பிக்கைப் பேச்சு கேட்க ஆரம்பித்தேன். கேட்கிற வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது.

நெடுந்தூரம் ஓடுகிற நண்பன் ஒருவன் கேட்டது ஒரே கேள்வி. "நேத்து என்னடா சாப்பிட்ட?" காலையில் பழம், மதியம் சாலட், ராத்திரி காய்கறி சூப் என்றேன். "சரி, இதெல்லாம் தொட்டுக்க. சாப்பாடு எங்கே?" என்றான்.

இந்தப் பதிவு அந்தக் கேள்வியிலிருந்து வந்ததுதான். புதிதாக மாறுகிறவர்கள் சோர்ந்துபோவதற்கு நான் பார்த்தவரையில் முதல் காரணம், போதுமான அளவு சாப்பிடாதது. மனஉறுதியெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

தொடங்குமுன் ஒரு தெளிவு. நம் பேச்சில் சைவம் என்றால் பால், தயிர், நெய் எல்லாம் அதில் சேர்த்தி. இங்கே நான் சொல்வது அவையும் இல்லாத முழுத் தாவர உணவு. நனிசைவம் என்று இப்போது சொல்கிறார்களே, அது.

படி 1: மூன்று நாள் எழுதுங்கள்

எதையும் மாற்ற வேண்டாம். மூன்று நாள் வாயில் போட்ட எல்லாவற்றையும் எழுதுங்கள். கொறித்தது, குடித்தது, அடுத்தவர் தட்டிலிருந்து எடுத்தது உட்பட. பக்கத்திலேயே சோர்வு தட்டிய நேரத்தையும் குறியுங்கள். என் நோட்டில் மூன்று நாளும் மாலை நான்கு மணிக்கு 'தூக்கம்' என்று எழுதியிருந்தது. மதியச் சாப்பாட்டுக் கட்டத்தில் மூன்று நாளும் சாலட்.

படி 2: அளவைக் கூட்டுங்கள்

100 கிராம் வெள்ளரிக்காயில் சுமார் 15 கலோரி. அதே எடை வெந்த கொண்டைக்கடலையில் 160 சொச்சம். நிலக்கடலை என்றால் 560-ஐத் தாண்டும். காய்கறியில் நீரும் நாரும் அதிகம், அதனால் வயிறு சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. உடம்புக்கு வேண்டிய எரிபொருளோ பாதிகூடப் போயிருக்காது. எடை குறைக்க நினைப்பவருக்கு இது வசதி. ஓடியாடி வேலை செய்ய நினைப்பவருக்கு இதுதான் பொறி.

ஆகவே தட்டை வேறு மாதிரி நிரப்பப் பழகுங்கள். பாதியைக் காய்கறிக்கு விடுங்கள். மீதிப் பாதியில் ஒரு பங்கு பருப்பு அல்லது பயறு, ஒரு பங்கு தானியம் அல்லது கிழங்கு. மேலே ஒரு கைப்பிடி கடலையோ விதையோ. இந்தக் கைப்பிடியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சோர்வாக உணரும் முதல் இரண்டு வாரம் வேறு எந்தக் கணக்கும் பார்க்காமல் இதை மட்டும் செய்தாலே பலருக்கு மாற்றம் தெரியும்.

படி 3: புரதத்தை ஒரே ஒருமுறை கணக்குப் போடுங்கள்

தினமும் கணக்குப் போடுவது வாழ்க்கையைக் கசக்கச் செய்யும். ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் கண்ணளவு பழகிவிடும்.

சாதாரணமாக வாழ்பவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. தவறாமல் உடற்பயிற்சி செய்பவருக்கு 1.2 முதல் 2 கிராம் வரை சொல்கிறார்கள். தாவரப் புரதம் கொஞ்சம் குறைவாகவே செரிக்கும் என்பதால், புதிதாகத் தொடங்குபவரும் 1.2-ஐக் குறியாக வைத்துக்கொள்ளலாம். 60 கிலோ எடை என்றால் 72 கிராம்.

இதை எப்படி எட்டுவது? காலையில் 60 கிராம் ஓட்ஸை ஒரு டம்ளர் சோயா பாலில் காய்ச்சி, இரண்டு ஸ்பூன் கடலை வெண்ணெய் கலந்தால் கிட்டத்தட்ட 22 கிராம் ஆயிற்று. மதியம் வெந்த பருப்பு 200 கிராம், சோறு 200 கிராம்: 23. மாலையில் ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலை: 7. இரவுக்கு, மீல் மேக்கர் என்கிறோமே அந்த சோயா உருண்டை உலர் எடையில் 30 கிராமும் இரண்டு துண்டு கோதுமை ரொட்டியும்: 21. மொத்தம் 73.

நான் மாட்டிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. பருப்புப் பாக்கெட்டில் 100 கிராமுக்கு 24 கிராம் புரதம் என்று போட்டிருப்பார்கள். அது உலர்ந்த பருப்புக்கு. வெந்தபின் தண்ணீர் ஏறி எடை கூடிவிடும். அப்போது 100 கிராமில் இருப்பது 9 கிராம்தான். நான் வெந்த பருப்பைத் தராசில் நிறுத்து, பாக்கெட்டில் இருந்த எண்ணால் பெருக்கி, ஒரு மாதம் முழுக்க 'ஆஹா, புரதம் தாராளம்' என்று நோட்டில் எழுதிக்கொண்டிருந்தேன்.

இன்னொரு பழைய குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். தானியத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. அதனால் இரண்டையும் ஒரே வேளையில் சேர்த்தே ஆக வேண்டும் என்ற கருத்து 1970-களில் பரவியது. ஒரே வேளையில்தான் என்ற கட்டாயம் இல்லை என்பது பிறகு தெளிவாகிவிட்டது. ஒரு நாளுக்குள் இரண்டும் உள்ளே போனால் போதும்.

படி 4: வாரத்துக்கு ஒருமுறை பயறு வேகவைத்து வையுங்கள்

உண்மையில் எல்லாம் தீர்மானமாவது இங்கேதான். பசித்த நேரத்தில் வெந்த பயறு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அதைச் சாப்பிடுவீர்கள். இல்லையென்றால் பிஸ்கட்டும் தாவர உணவுதானே என்று தோன்றும்.

இரண்டு கப் கொண்டைக்கடலையை இரண்டு மூன்று முறை கழுவி, மூன்று மடங்குக்குக் குறையாமல் தண்ணீர் விட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள். காலையில் அந்தத் தண்ணீரில் நுரை கட்டியிருக்கும். தயங்காமல் கொட்டிவிடுங்கள். வயிற்றில் வாயு உண்டாக்கும் சில சர்க்கரைகள் அதோடு ஓரளவு போய்விடும். புதுத் தண்ணீரில், மூழ்கி ஒரு விரற்கடை மேலே நிற்கும்படி, குக்கரில் வேகவையுங்கள். வெந்ததா என்று பார்க்க ஒன்றை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள். தோல் வழுக்கி, உள்ளே மாவாக நசுங்க வேண்டும். நடுவில் ஒரு சின்னக் கெட்டி தட்டுப்பட்டால் இன்னும் கொஞ்ச நேரம் வேக வேண்டும். அரைவேக்காட்டுப் பயறைச் சாப்பிட்டுவிட்டு 'எனக்குப் பயறே ஒத்துக்கொள்ளாது' என்பவர்கள் நிறையப் பேர்.

இரண்டு கப், வெந்தபின் ஐந்து கப்புக்கு மேல் வரும். நன்றாக ஆறவிட்டு, ஒரு வேளைக்கு ஒரு டப்பா என்று பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். மூன்று நாளைக்கு வேண்டியது மட்டும் கீழே ஃபிரிட்ஜில்.

வயிறு உப்புகிறது என்றால் அளவைக் குறையுங்கள், நிறுத்திவிடாதீர்கள். இத்தனை நாளும் இவ்வளவு நாரைப் பார்க்காத குடல் அது. முதல் வாரம் நாளுக்கு அரை கப், பிறகு மெல்ல ஏற்றுங்கள். தண்ணீரும் கூடவே கூட வேண்டும். நார் கூடித் தண்ணீர் கூடாவிட்டால் மலச்சிக்கல்தான் மிஞ்சும்.

படி 5: பி12. இதில் பேரமே கிடையாது

வைட்டமின் பி12-ஐ உருவாக்குவது பாக்டீரியாக்கள். செடியும் உருவாக்குவதில்லை, விலங்கும் உருவாக்குவதில்லை. விலங்கு உணவில் அது சேர்ந்துவிடுகிறது, தாவர உணவில் நம்பத்தக்க அளவில் சேர்வதில்லை. ஸ்பைருலினா என்ற நீலப்பச்சைப் பாசியில் இருக்கிறதே என்பார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம்.

இதில் உள்ள ஏமாற்று என்னவென்றால், கல்லீரல் பழைய பி12-ஐச் சில ஆண்டுகளுக்குச் சேமித்து வைத்திருக்கும். எனவே முதல் வருடம் ஒன்றும் தெரியாது. 'நான் மாத்திரையே போடாமல் நன்றாகத்தானே இருக்கிறேன்' என்று பேசுகிறவர் பெரும்பாலும் அந்தச் சேமிப்பில்தான் வாழ்கிறார். தீர்ந்தபின் வருவது களைப்பு, மறதி, கைகால் மரத்துப்போதல். கீரையிலும் பயறிலும் உள்ள ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமின், பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடக்கூடும். நரம்புச் சேதம் உள்ளுக்குள் நடந்துகொண்டே இருக்கும். நாள்பட்டால் அந்தச் சேதம் முழுதும் சரியாகாமல் போகலாம்.

பெரியவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 2.4 மைக்ரோகிராம்தான். ஆனால் குடல் ஒரு தடவைக்கு ஒன்றரை, இரண்டு மைக்ரோகிராம் அளவே முறையாக உள்ளே எடுக்கும். மிச்சத்தில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான் சேரும். அதனால்தான் மாத்திரை அளவுகள் மிரட்டும் எண்ணாக இருக்கின்றன. 1944-இல் தொடங்கிய பிரிட்டனின் வீகன் சொசைட்டி சொல்வது: தினமும் குறைந்தது 10 மைக்ரோகிராம், அல்லது வாரம் ஒருமுறை குறைந்தது 2,000. தினமும் என்றால் நான் மறந்துவிடுவேன். ஆகவே எனக்கு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரும்புக்குப் பருப்பும் கீரையும்; கூடவே எலுமிச்சையோ தக்காளியோ இருந்தால் அதிகம் உறிஞ்சப்படும், டீயும் காபியும் அதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். அயோடினுக்கு அயோடின் உப்பு. கால்சியத்துக்கு கால்சியம் சேர்த்த சோயா பால் அல்லது டோஃபு. பசலைக்கீரையை நம்ப வேண்டாம், அதிலுள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒமேகா 3-க்குத் தினமும் ஒரு ஸ்பூன் ஆளி விதை, பொடித்து. முழுதாக விழுங்கினால் வந்த வழியே போய்விடும்.

படி 6: இப்போது ஷூவை எடுங்கள்

இதை ஆறாவது படியாக வைத்திருப்பது வேண்டுமென்றே. நன்றாகச் சாப்பிட்டு இரண்டு வாரம் ஆனபிறகு தொடங்குங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. நீங்கள் பத்து நிமிட நடையில் தொடங்கினால் போதும். வாரம் ஐந்து நிமிடம் கூட்டுங்கள். வலுவூட்டும் பயிற்சியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நாற்காலியில் உட்கார்ந்து கையூன்றாமல் எழுவது பத்து தடவை, சுவரில் கை வைத்துத் தண்டால் பத்து தடவை. சாப்பிட்ட புரதத்துக்கு அப்போதுதான் வேலை.

நேரம் முக்கியம். ஒருமுறை பெரிய கிண்ணம் நிறையப் பயறு சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் ஓடப் போனேன். பாதி வழியில் என்ன நடந்தது என்பதை இங்கே எழுத முடியாது. நார் மிகுந்த சாப்பாட்டுக்கும் ஓட்டத்துக்கும் இடையில் மூன்று மணி நேரம் விடுங்கள். இடையில் பசித்தால் ஒரு வாழைப்பழம்.

'இந்தச் சாப்பாட்டில் தெம்பு வருமா?' என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இரண்டு பெயர்கள் போதும். கார்ல் லூயிஸ் 1991-இல் டோக்கியோவில் 100 மீட்டரை 9.86 வினாடியில் ஓடி உலக சாதனை படைத்தபோது தாவர உணவில் இருந்தார். ஸ்காட் ஜூரெக், 161 கிலோமீட்டர் மலையோட்டமான வெஸ்டர்ன் ஸ்டேட்ஸில் 1999 முதல் 2005 வரை தொடர்ந்து ஏழு முறை வென்றவர், அவரும் தாவர உணவுக்காரர். அவர்கள் வென்றது உணவால் மட்டும் என்று நான் சொல்லவில்லை. உணவு குறுக்கே நிற்கவில்லை, அவ்வளவு போதும் நமக்கு.

படி 7: ஊக்கம் வருமென்று காத்திருக்காதீர்கள்

புதுப் பழக்கத்தைப் பழைய பழக்கத்தின் வாலில் கட்டுங்கள். 'தினமும் நடப்பேன்' என்பது மூன்று நாளில் காற்றோடு போகும். 'பல் தேய்த்ததும் ஷூ போடுவேன்' என்பது நிற்கும். நடப்பேன் என்றுகூட வேண்டாம், ஷூ போடுவேன் என்று மட்டும் முடிவெடுங்கள். ஷூ போட்டபிறகு சோபாவில் உட்காருவது சங்கடமாக இருக்கும்.

21 நாளில் பழக்கம் படிந்துவிடும் என்று கேட்டிருப்பீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் செய்த ஆய்வில் கிடைத்த நடுத்தரக் கணக்கு 66 நாள். ஒருவருக்கொருவர் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. எனக்குப் பிடித்தது அதே ஆய்வின் இன்னொரு முடிவு: ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் படிவது பெரிதாகக் கெடவில்லை. விருந்தில் பால் பாயசம் குடித்துவிட்டீர்களா? அடுத்த வேளை பருப்பு சாப்பிடுங்கள்.

படி 8: அப்படியும் சோர்வு போகவில்லை என்றால்

ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி, தைராய்டு. இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினை மருத்துவரிடம் நீங்களே கேட்டு எழுதி வாங்குங்கள். ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் இரும்புச் சேமிப்பு வற்றியிருக்கலாம். இரும்பு மாத்திரையை முடிவு பார்க்காமல் நீங்களாகப் போடாதீர்கள், அதிகமானாலும் கேடுதான்.

கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், சர்க்கரைக்கு மருந்தோ இன்சுலினோ எடுப்பவர்கள், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் எட்டாம் படிவரை காத்திருக்க வேண்டாம். முதல் படிக்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள். வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று கீரையைக் கூட்டினால், அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

மற்றவர்களும் முடிந்தால் மாறுவதற்கு முன் ஒருமுறை பரிசோதித்து, தாளில் தேதி போட்டு வையுங்கள். நான் அதைச் செய்யவில்லை. எட்டு மாதம் கழித்து பி12 குறைவு என்று வந்தபோது, 'இது முன்னாடியே இப்படித்தானா, மாறியபிறகு வந்ததா?' என்று மருத்துவர் கேட்டார். என்னிடம் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.