தாய்க்கு எச்.ஐ.வி. இருந்தாலும் குழந்தையைக் காப்பாற்றலாம்

ஒன்றுமே செய்யாமல் விட்டால் 100 குழந்தைகளில் 15 முதல் 45 பேருக்குத் தாயிடமிருந்து தொற்று போகும், முறையாகச் சிகிச்சை எடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடும், இதற்குப் பெரிய ஆஸ்பத்திரி தேவையில்லை.

கர்ப்பம் தெரிந்ததுமே பரிசோதனை. விரலில் ஒரு குத்து, அரை மணி நேரத்துக்குள் முடிவு. தொற்று உறுதியானால் முடிந்தால் அன்றைக்கே, எச்.ஐ.வி. கிருமியைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மருந்தை ஆரம்பித்துவிட வேண்டும், பெரும்பாலும் தினம் ஒரே மாத்திரைதான், ஆனால் பிரசவத்துக்குப் பிறகும் ஆயுசு முழுக்க நிறுத்தக் கூடாது.

பிறந்த குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்க நெவிரபின் சொட்டு மருந்து, பொதுவாக 6 வாரம். ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுங்கள், துப்பாது.

சரி, பால்? சுத்தமான தண்ணீரும் பால்மாவும் நிச்சயமில்லாத இடத்தில், அம்மா மருந்தைத் தவறாமல் சாப்பிட்டுக்கொண்டே தாய்ப்பால் கொடுப்பதுதான் நல்லது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும். இடையில் வேறு பாலோ தண்ணீரோ கலந்து கொடுப்பதுதான் ஆபத்தைக் கூட்டுகிறது. இதைப் பாட்டிமாருக்கும் சொல்லி வையுங்கள், தயவுசெய்து.

அப்புறம் 4-6 வாரத்தில் குழந்தைக்குச் சோதனை: குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை அட்டையில் காயவைத்து, தூரத்து ஆய்வகத்துக்குத் தபாலிலேகூட அனுப்பலாம். 'இல்லை' என்று வந்தாலும் பால் குடிக்கும்வரை தொடர்ந்து சோதிக்க வேண்டும். கடைசிச் சோதனை 18 மாதத்தில், அல்லது பால் நிறுத்தி 3 மாதம் கழித்து, எது பிந்தியதோ அப்போது.