மர நிறங்களைக் கலக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே அறையில் இரண்டு மூன்று மர நிறங்கள் இருப்பதில் தவறே இல்லை. ‘கிட்டத்தட்ட அதே நிறம்’ என்று வாங்கி வருகிறோமே, அங்கேதான் சறுக்குகிறோம். தேக்கு சோபாவுக்கு முன்னால் அரை ஷேடு தள்ளிய டீப்பாயைப் போட்டுப் பாருங்கள். ஜோடி சேர்க்கப் பார்த்து முடியாமல் போனது அப்பட்டமாகத் தெரியும். அச்சு அசலாகப் பொருந்தட்டும், இல்லையென்றால் வேறு மரம் என்று பார்த்ததுமே தெரியட்டும். தேக்கின் பக்கத்தில் கருமையேறிய ஈட்டி மரம் (ரோஸ்வுட்) எடுப்பாக நிற்பது அதனால்தான்.

அடுத்த தவறு, வெளிர், அடர் என்று மட்டும் பார்ப்பது. எந்த மரத்திலும் அடியில் ஒரு சாயல் ஓடும். தேக்கில் பொன்மஞ்சள், மஹோகனியில் சிவப்பு, சில வால்நட் பலகைகளில் லேசான சாம்பல். பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளை மரத்தை ஒட்டி வையுங்கள். அதுவரை வெறும் பழுப்பாக இருந்தது, சிவப்பா மஞ்சளா என்று பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். சாயல் ஒத்துப்போனால் வெளிரும் அடரும் தாராளமாகச் சேரும்.

கடை விளக்கை நம்பியும் முடிவு செய்யாதீர்கள். நான் அப்படி வாங்கிய புத்தக அலமாரி, கடையில் தேன் நிறம். வீட்டு ஜன்னலோரம் வந்ததும் ஆரஞ்சு. 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு) மஞ்சள் விளக்கு மரத்தின் மஞ்சள், சிவப்புச் சாயலைக் கூட்டும், 6500 கெல்வின் வெள்ளை விளக்கு குறைக்கும். வீட்டில் இருக்கும் சாமானின் ஒரு டிராயரையோ தட்டையோ கழற்றிக் கடைக்கே எடுத்துப் போவது நல்லது.

மரம் நிறம் மாறும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. செர்ரி வெளிச்சம் பட்டுக் கருக்கும். வால்நட் அதற்கு நேர்மாறாக வெளுக்கும். புதிதாக இழைத்த தேக்கில் தெரியும் திட்டுகள் மெல்ல அடங்கிப் பொன்பழுப்பாகும். எண்ணெய் வகை வார்னிஷும் வருடங்கள் போகப் போக மஞ்சளாகும். நீர் வகையில் அந்த மஞ்சள் அவ்வளவாக ஏறாது. மாதக்கணக்கில் மேஜை மேல் கிடந்த விரிப்பை எடுத்தால், அதன் அடி மட்டும் வேறு நிறத்தில் சதுரமாகத் தெரியுமே, அதுதான் சாட்சி. இன்று பொருந்துவது நாளைக்கும் பொருந்துமா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

மரத்தரை இருந்தால் அறையில் பெரிய மரச்சாமான் அதுதான். மேஜைக் காலும் தரையும் ஒரே நிறமாகக் கரைந்தால் நடுவில் ஒரு கம்பளம் விரிக்கலாம். அடர்நிறச் சாமான்களை எல்லாம் ஒரே மூலையில் குவிக்க வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் அதே நிறத்தில் ஒரு படச் சட்டம் மாட்டினாலும் போதும்.

எதுவும் சேரவில்லையே என்று எல்லாவற்றையும் தேய்த்து ஒரே பாலிஷ் போடக் கிளம்புவதுதான் எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருவது. மரத்துக்கு மரம் ரேகை வேறாக இருப்பதால் அப்போதும் ஒரே மாதிரி வராது. வெனீர், அதாவது மெல்லிய மரத்தகடு, ஒட்டிய சாமானாக இருந்தால் அந்த மேல் படலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உப்புத்தாள் கொஞ்சம் அழுந்தினால் உள்ளே இருக்கும் பிளைவுட் வெளியே வந்துவிடும்.